சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை: அப்பாவின் கிட்னி ஏன் கெட்டது?

கேள்வி: என் அப்பாவுக்கு 52 வயது. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். சுகர் கிடையாது. பிரஷரும் போன வருடம் வரை இல்லை. குடி, பீடி எதுவும் இல்லை. இப்போது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 4.2 என்று வந்திருக்கிறது. ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சுருங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். "காரணம் தெரியவில்லை" என்கிறார் டாக்டர். "ஒழுங்காத் தண்ணி குடிச்சிருந்தா இது வந்திருக்குமா" என்று சொந்தக்காரர்கள் அவரையே திட்டுகிறார்கள். ஏழைகளுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருமா? என் தம்பியும் அதே வேலைக்குத்தான் போகிறான்.

பதில்:

நான் சிறுநீரக நோய்ப் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் மருத்துவர். உங்கள் சொந்தக்காரர்களின் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அப்பா தண்ணீர் குறைவாகத்தான் குடித்திருப்பார். ஆனால் ஏன் குறைவாகக் குடித்தார் என்று ஒருவரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் நோயாளிகளிடம் கேட்பதுண்டு. உப்பளத்து ஆட்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வீட்டிலிருந்து கொண்டுபோகும் பாட்டில்தான் தண்ணீர். பத்து மணிக்குள் அது வெந்நீராகிவிடும். சுற்றிலும் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். பாட்டில் வைத்திருக்கும் கொட்டகை பாத்தியிலிருந்து தள்ளி இருக்கும். போய்வருவதற்குள் கூட வேலை செய்கிறவர் நாலு கூடை உப்பைக் கூடுதலாக வாரிவிடுவார். பெண்கள் சொல்வது இன்னும் நேரடியானது: "ஒதுங்க இடமில்ல சார், அதான் காலையிலேர்ந்தே குடிக்கிறதில்ல." தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே வெள்ளை உப்பிலிருந்து திரும்பி அடிக்கும் வெயில், அதற்கு நடுவே ஒரு மனுஷி தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அவளைப் போய் அலட்சியக்காரி என்று சொல்ல முடியுமா?

தண்ணீர் குடிப்பதற்கே நேரம், நிழல், கழிப்பறை மூன்றும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட உங்கள் அப்பாவின் கையில் இருந்ததில்லை. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆமாம், ஏழ்மைக்கும் இந்த நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆனால் பையில் காசு குறைவு என்பதோடு அது நிற்பதில்லை. என்ன வேலை, எந்த வெயிலில், கூலி எந்தக் கணக்கில், வலித்தால் எங்கே மாத்திரை, ரத்தம் பார்க்க ஒரு நாள் லீவு கிடைக்குமா, இப்படிப் பல வழிகளில் அது சிறுநீரகத்துக்குள் போகிறது.

உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். வெயிலில் கடுமையாக உழைக்கும்போது உடம்பு தன்னைக் குளிர்விக்க ரத்தத்தைத் தோலுக்கும் தசைக்கும் அனுப்புகிறது. சிறுநீரகத்துக்கு வரும் பங்கு குறைந்துவிடுகிறது. வியர்வையில் நீர் போகப் போக, இருக்கும் நீரைக் காப்பாற்றச் சொல்லி வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. சிறுநீர் சுண்டி, மஞ்சளாகி, பிறகு டீ நிறத்துக்குப் போகிறது. வேலையில் தேய்ந்த தசையின் கழிவும் யூரிக் அமிலமும் அந்தக் கொஞ்சம் நீரில்தான் வெளியேற வேண்டும். ஒரு நாள் இப்படி ஆனால் ராத்திரி தூங்கி எழுந்ததும் சரியாகிவிடும். சீசன் முழுக்க, வருடா வருடம் ஆனால், ஆறிக்கொண்டிருக்கும் சிராய்ப்பை மறுபடி மறுபடி தரையில் தேய்ப்பது மாதிரி. சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சுற்றித் தழும்பு ஏறுகிறது. ரத்தத்தை வடிகட்டும் சல்லடை தொடக்கத்தில் தப்பித்துக்கொள்வதால் சிறுநீரில் புரதம் அதிகம் ஒழுகுவதில்லை. முகம், கால் வீங்குவதில்லை. பிரஷரும் கடைசியில்தான் ஏறுகிறது. உங்கள் அப்பாவுக்குப் போன வருடம் வரை பிரஷர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்தக் கதையோடு பொருந்திப் போகிறது. ஆனாலும் ரிப்போர்ட்டுகளைப் பார்க்காமல் இதுதான் காரணம் என்று நான் முடிவாகச் சொல்லக் கூடாது. கல் அடைப்பு, பிறவிக் கோளாறு எல்லாம் இல்லையா என்று உங்கள் டாக்டர் பார்த்திருப்பார். சுருங்கிப்போன கிட்னியில் பயாப்ஸி, அதாவது சோதனைக்குச் சிறு துணுக்கு, எடுப்பது ஆபத்து, எடுத்தாலும் தழும்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால்தான் "காரணம் தெரியவில்லை" என்ற வார்த்தை.

அந்த வார்த்தையோடு உலகம் முழுக்கப் பலர் இருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார் நாட்டு மருத்துவர்கள் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைநகரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குச் சிறுநீரகம் செயலிழந்து வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குச் சுகர், பிரஷர் போன்ற வழக்கமான காரணம் எதுவுமே இல்லை. பெரும்பாலும் ஆண்கள், கடலோரச் சமவெளியில் விவசாய வேலை பார்த்தவர்கள். பக்கத்து நாடான நிகரகுவாவில் சிச்சிகால்பா என்ற கரும்பு ஊரில் கணவர்களை இதற்குப் பறிகொடுத்த பெண்கள் அவ்வளவு பேர் இருந்ததால், ஒரு குடியிருப்புக்கு "விதவைகளின் தீவு" என்றே பெயர் விழுந்துவிட்டது. இலங்கையில் 1990களிலிருந்து அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி நெல் விவசாயிகளிடம் இதே மாதிரி நோய் பேசப்படுகிறது. வவுனியாவிலும் உண்டு. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதி, முந்திரியும் தென்னையும் விளையும் ஊர்கள், அங்கேயும் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே காரணம் என்று சொல்வதற்கில்லை. இலங்கையில் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை, ஃபுளோரைடு, பூச்சிமருந்து எல்லாமே விவாதத்தில் இருக்கின்றன. ஆனால் எல்லா இடத்திலும் நோயாளி ஒரே ஆள்தான்: வெயிலில் உடம்பால் உழைக்கும் ஏழை.

நம் ஊரிலும் கணக்கு எடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 350க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை பார்த்தார்கள். சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. அப்புறம் 2023இல் சென்னை அரசு மருத்துவர்கள் மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து உறுதி செய்த பிறகும் சுமார் 5 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அதில் பாதிப் பேருக்குச் சுகரோ பிரஷரோ வேறு தெரிந்த காரணமோ இல்லை. உங்கள் அப்பா அந்தப் பாதியில் ஒருவராக இருக்கலாம்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: கூலிக் கணக்கு. கரும்பு வெட்டுக்கு டன் கணக்கு. செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. உப்பு வாருவதிலும் சுமப்பதிலும் பல இடங்களில் அளவுக்குத்தான் கூலி. இப்படிப்பட்ட கணக்கில் ஓய்வு என்பது தொழிலாளி தன் கூலியிலிருந்து கொடுக்கும் காசு. பத்து நிமிடம் நிழலில் உட்கார்ந்தால் அவ்வளவு உப்பு குறையும். முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்குப் போகும் குடும்பத்துக்கு இது இன்னும் இறுக்கம். கடன் கழிய வேண்டும் என்றால் கல் ஓட வேண்டும், கல் ஓட வேண்டும் என்றால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் விடியுமுன் இறங்கி வெயில் ஏறிய பிறகும் நிற்க வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் மழைக்காலம் வந்தால் உப்பளம் மூடிக்கொள்ளும். அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஒரு குடும்பம் மூன்று மாதத்தை அதில் ஓட்ட முடியாது. அதனால் சீசன் நாட்களில் உடம்பு தாங்குவதற்கு மேல் வேலை பார்க்கிறார்கள். உடம்பு "போதும்" என்று சொல்லும் இடத்துக்கும் கூலி "போதும்" என்று சொல்லும் இடத்துக்கும் நடுவில்தான் இந்த நோய் பிடிக்கிறது என்பது என் எண்ணம்.

இதை வெறும் எண்ணமாகச் சொல்லவில்லை. எல் சால்வடாரிலும் நிகரகுவாவிலும் கரும்புத் தோட்டங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். வயலுக்கே நிழல் கூடாரம், முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, கட்டாய இடைவேளை, பக்கத்திலேயே கழிப்பறை. அவ்வளவுதான், பெரிய மருந்து எதுவும் இல்லை. சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. எல் சால்வடாரில் நடந்த முதல் முயற்சியில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு வெட்டிய கரும்பு சுமார் 5 டன்னிலிருந்து 7 டன்னுக்கு மேல் ஏறியது. இளைப்பாறியவன் கூடுதலாக வெட்டினான். இதை நம் உப்பள முதலாளிகளிடம் எடுத்துச் சொல்ல எனக்கு ஆசை.

அடுத்தது மாத்திரை. உங்கள் அப்பாவிடம் மெதுவாக, குற்றம் சாட்டாமல் கேட்டுப் பாருங்கள்: முதுகு வலிக்கு, முழங்கால் வலிக்கு என்ன போட்டார், எத்தனை வருடம்? சுமை தூக்கும் வேலையில் வலி இல்லாதவர் கிடையாது. நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டும். மெடிக்கல் கடையில் பெயர் சொல்லாமல் "உடம்பு வலிக்கு ரெண்டு குடுங்க" என்றால் தாளில் மடித்துத் தருவார்கள். அதில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை ஒன்று அநேகமாக இருக்கும். உடம்பில் நீர் வற்றி இருக்கும் நேரத்தில் சிறுநீரகம் தனக்கு வரும் ரத்தக் குழாயை விரித்து வைத்துச் சமாளிக்கிறது. இந்த மாத்திரைகள் அந்தச் சமாளிப்பைத்தான் தடுக்கின்றன. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர் பல்வலிக்கு ஒன்று போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வியர்த்து வற்றிய உடம்போடு தினமும் போடுகிறவருக்கு அதே மாத்திரை வேறு மாத்திரை. நாட்டு மருந்து என்று விற்கப்படும் சிலவற்றிலும் ஆபத்து இருக்கிறது. பாதரசம் கலந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரில் புரதம் கொட்டும் ஒரு வகை நோய் வருவதை வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் கைக்கு எட்டியதைத்தான் வாங்குவார்.

இன்னும் பின்னால் போனால், உங்கள் அப்பா பிறப்பதற்கு முன்பே ஒரு கணக்கு தொடங்கியிருக்கலாம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் அலகுகள், இருக்கின்றன. அவை தாயின் வயிற்றில் ஏறக்குறைய 36 வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாக உண்டாகாது. கர்ப்பத்தில் சரியான சாப்பாடு இல்லாத, கடைசி மாதம் வரை களையெடுக்கப் போன தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளை குறைந்த நெஃப்ரான்களோடுதான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. இருக்கிற கொஞ்சம் கூடுதல் பாரம் சுமந்து சீக்கிரம் தேய்கிறது. பேரி பிரென்னர் என்ற அமெரிக்க மருத்துவர் 1980களின் இறுதியில் முன்வைத்த கருத்து இது. பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் இதைத் தாங்கி நிற்கின்றன. இந்தியாவில் இன்றைக்கும் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 18 சதவீதம் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே. ஐம்பது வருடம் முன்பு நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் பாட்டியைக் கேட்டால் தெரியும்.

வேறு சில வழிகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செருப்பில்லாமல் வயலில் இறங்குகிறவரைக் கண்ணாடி விரியன் கடித்தால், உயிர் பிழைத்தாலும் கிட்னி அடிபடும். எலிக்காய்ச்சல் நெல் வயலிலும் சாக்கடையிலும் வேலை செய்கிறவர்களைப் பிடிக்கும், அதுவும் கிட்னியைத்தான் தேடிப் போகும். ஒரே அறையில் ஆறு ஏழு பேர் படுக்கும் வீட்டில் சொறி சிரங்கு ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் சண்டையில் சிறுநீரகம் வீங்கி, முகம் உப்பி, சிறுநீர் கோலா நிறத்தில் போகும். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் பூர்வகுடி மக்களிடம் சிறுநீரக நோய் மிக அதிகம். நெரிசலான வீடும் தீராத சிரங்கும் அதற்கு ஒரு காரணம் என்று அங்கே கண்டிருக்கிறார்கள்.

சரி, சுகர் பணக்கார நோய்தானே என்று யாராவது கேட்பார்கள். ஒரு காலத்தில் அப்படி இருந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் அது தலைகீழாகிவிட்டது. 2017இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் நகர்ப்புறங்களில் வசதி குறைந்தவர்களிடம்தான் சுகர் கூடுதலாக இருந்தது. வயிறு நிறையச் சோறு கிடைக்கிறது. பருப்பும் காயும் பழமும் விலை கேட்டு வைத்துவிட்டு வருகிறார்கள். வசதி உள்ளவருக்குச் சுகர் வந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட், வருடம் ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று டெஸ்ட், அதற்கு ஏற்ற மாத்திரை என்று கிட்னியைப் பத்து இருபது வருடம் காப்பாற்றிக்கொள்கிறார். வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு அதே சுகர் வந்தால், கால் வீங்கி மூச்சு வாங்கும் நாளில்தான் கிட்னி என்ற சொல்லே காதில் விழுகிறது. இந்திய சிறுநீரக நோயாளர் பதிவேட்டில் 50,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதிப் பேர் முதன்முதலாக சிறுநீரக மருத்துவரிடம் வந்ததே ஐந்தாம் நிலையில், அதாவது டயாலிசிஸ் வாசலில். காரணம் தெரியாத வகையினர் மற்றவர்களைவிட இளையவர்களாகவும் ஏழைகளாகவும் இருந்தார்கள், இன்னும் முற்றிய பிறகு வந்தார்கள்.

தாமதமாகத் தெரிவதற்கு ஆய்வகத் தாளும் ஒரு காரணம். இதைக் கவனமாகப் படியுங்கள், உங்கள் தம்பிக்கு உதவும். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்த, மெலிந்த ஆளுக்கு அது இயல்பிலேயே குறைவாக இருக்கும். ஆனால் பல ஆய்வகங்களில் எல்லோருக்கும் ஒரே வரம்பைத்தான் அச்சிட்டுத் தருகிறார்கள். 1.2 என்று வந்தால் "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதே 1.2 ஒரு 25 வயது ஆணுக்கு வேலைத்திறன் சுமார் 86 என்று காட்டும், 60 வயது அம்மாவுக்குச் சுமார் 52தான். அந்த அம்மாவுக்கு நோய் மூன்றாம் நிலையில் இருக்கலாம், தாளில் ஒரு சிவப்பு எழுத்துகூட இருக்காது. இந்த எண்ணை இ.ஜி.எஃப்.ஆர். என்பார்கள், வயதையும் பாலினத்தையும் சேர்த்துப் போடும் கணக்கு. எப்போது ரத்தம் கொடுத்தாலும் "இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் அப்பாவின் 4.2ஐ 52 வயதுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 16 வருகிறது. நான்காம் நிலையின் கடைசி. டயாலிசிஸ் இன்றைக்கே வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் தயாராக வேண்டிய நேரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023இலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்துச் சிறுநீரக நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கத் தமிழ்நாடு அரசு திட்டம் கொண்டுவந்தது. சுகர்காரர்களுக்கு அது மிக நல்ல விஷயம். வெயில் வேலைக்காரர்களுக்கு அது போதாது, ஏனென்றால் நான் மேலே சொன்னபடி இந்த வகையில் தொடக்கத்தில் புரதம் அதிகம் ஒழுகுவதில்லை. அவர்களுக்கு ரத்தமும் எடுக்க வேண்டும். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் என்றார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தவர் மட்டுமே அந்தக் கணக்கில் வருவார். முப்பது சீசனில் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குக் கிட்னியைக் கொடுத்தவரின் இறப்புச் சான்றிதழில் வெயில் என்ற சொல் எங்கேயும் இருக்காது.

நோய் வந்த பிறகும் ஏழ்மை விடுவதில்லை. டயாலிசிஸுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கட்ட வேண்டாம். இது பெரிய விஷயம். பல மாநிலங்களில் உள்ளவர்கள் நம்மைப் பார்த்து ஏங்குவதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம், அதற்கு முன்னும் பின்னும் பஸ், கூட ஒரு ஆள். இரண்டு பேர் கூலி போகிறது. இயந்திரத்தோடு இணைக்க, பெரும்பாலும் இடது கையில், இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்து ஃபிஸ்டுலா போடுவோம். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது என்று நானே சொல்வேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவருக்கு அது ஒரு சின்ன எச்சரிக்கை. உங்கள் அப்பாவைப் போன்றவருக்கு அது பிழைப்பையே பறிக்கும் சொல். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மாற்றுச் சிறுநீரகம் என்று வந்தால் வீட்டுக்குள்ளேயே இன்னொரு ஏற்றத்தாழ்வு. இந்தியாவில் உயிரோடு உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். "அவர் சம்பாதிக்கிறவர்" என்ற ஒரு வாக்கியத்தில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. கடன் முற்றினால் கிட்னியே கடனுக்குப் போகும். 2001இல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்த ஆய்வில், 96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் விற்றதாகச் சொன்னார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரும்பாலானவர்களுக்குக் கடன் தீராமலே இருந்தது. அது பழைய கதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றிய செய்தி வந்தபோது அது முடியவே இல்லை என்று தெரிந்தது. உங்கள் வீட்டில் யாராவது புரோக்கர் மூலம் "ஏற்பாடு" செய்யலாம் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தப் பக்கம் கொடுப்பவரும் உங்கள் அப்பா மாதிரி ஒருவர்தான்.

இனி செய்ய வேண்டியவை. அப்பாவுக்கு வலி மாத்திரை இன்றோடு நிற்கட்டும். தாங்க முடியாத வலிக்கு டாக்டரைக் கேட்டு பாராசிட்டமால் மட்டும். பிரஷரைக் கட்டுக்குள் வைத்தால் மிச்சம் இருக்கும் 16ஐச் சில காலம் நீட்டிக்கலாம், அதனால் பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விட வேண்டாம். இந்த நிலையில் "நிறையத் தண்ணி குடி" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், எவ்வளவு குடிக்கலாம் என்பதைச் சிறுநீர் போகும் அளவையும் கால் வீக்கத்தையும் பார்த்து டாக்டர் சொல்வார். இடது கையில் ஊசி போட, ரத்தம் எடுக்க விடாதீர்கள், ஃபிஸ்டுலாவுக்கு அந்த ரத்தக் குழாய்கள் வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இப்போதே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போய் அட்டை எடுத்துவிடுங்கள், அவசரம் வரும் ராத்திரியில் இதற்கு அலைய முடியாது. டயாலிசிஸ் மையம் தூரம் என்றால் வயிற்று வழி டயாலிசிஸ் பற்றிக் கேளுங்கள். சுத்தமான ஒரு மூலையும் பொறுமையான ஒரு ஆளும் வீட்டில் இருந்தால் அதை வீட்டிலேயே செய்யலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

தம்பிக்கு: வேலையை விடு என்று நான் சொல்லப் போவதில்லை, விட்டால் என்ன சாப்பிடுவான் என்று எனக்குத் தெரியாது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும், வியர்வை அதிகம் போகும் நாளில் ஓஆர்எஸ் கரைசலோ உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ சேர்த்துக்கொள்ளட்டும். பாட்டில் கூல்டிரிங்க்ஸைத் தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்க வேண்டாம். மதியம் சிறுநீர் கறுத்துப் போனால் அன்றைக்கு வேலை போதும் என்று அர்த்தம். உடம்பு வலிக்கு மெடிக்கல் கடை மாத்திரை கூடவே கூடாது. தனியாகப் போய்க் கேட்டால் முதலாளி காது கொடுக்க மாட்டார். பத்துப் பேர் சேர்ந்து பாத்திக்குப் பக்கத்தில் ஒரு கூரை, ஒரு குடிதண்ணீர் டிரம், பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்று கேட்கட்டும். எல் சால்வடாரில் உற்பத்தி கூடிய கணக்கையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சீசன் தொடங்கும் முன் ஒரு கிரியேட்டினின், மழைக்கு உப்பளம் மூடும் முன் இன்னொன்று, இரண்டையும் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே எடுக்கலாம். இரண்டு தாளிலும் தேதி போட்டு அப்பாவின் ஃபைலிலேயே வையுங்கள். இரண்டாவது எண் முதலாவதைவிட 0.3 கூடியிருந்தால், தாளில் நார்மல் என்று போட்டிருந்தாலும் சரி, உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்.